ஹெரால்டுக்குப் போட்ட வயர் வீலும் ஒரு எல்.எச். ஸ்டிக்கரும்

இடது பக்கம் எது என்று கேட்டால் எல்.கே.ஜி. குழந்தை கூட கையைத் தூக்கிக் காட்டிவிடும். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற நான் அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி, ஒரு காரின் நாலு சக்கரத்தையும் கழற்றிவிடப் பார்த்தேன். நடந்தது போன மே மாத லீவில், அரியமங்கலத்தில்.

கார் எங்கள் பெரியப்பாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965 மாடல், தாத்தா வாங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி என்று ஒன்று இருந்தது. 1961-லிருந்து அங்கே ஹெரால்டு தயாரானது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1959-ல் வந்த வண்டி. டிசைன் செய்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, லைட் எல்லாம் சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். டயரில் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ரொம்பச் சின்ன வட்டத்தில் திரும்பும். எங்கள் தெருவில் அம்பாசடர்காரர்கள் ரிவர்ஸ் எடுத்து முழிக்கிற இடத்தில் பெரியப்பா ஒரே மூச்சில் திருப்பிவிட்டுச் சிரிப்பார்.

ஒரே குறை பிரேக். இந்திய ஹெரால்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மழை நாளில், தேங்கின தண்ணீரைத் தாண்டி வந்த கையோடு பெரியப்பா பிரேக்கை மிதிக்க, டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்ததால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எதிரே ஸ்கூல் விட்டு வந்த சைக்கிள் பிள்ளைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ஒரு மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா மட்டும் சொன்னார்: "ஒண்ணு பிரேக்கை மாத்துங்க, இல்ல வண்டியை வித்துடுங்க."

விற்கிற ஜாதி இல்லை பெரியப்பா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லண்டனில் இருக்கிற அண்ணனுக்கு (பெரியப்பா மகன்) போன் போட்டார். ஹெரால்டும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். முன் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட ஒன்று. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் உண்டு. அந்த செட்டைக் கழற்றி இதில் மாட்டலாம். அண்ணன் பழைய டிஸ்க் செட் ஒன்று வாங்கினான். கூடவே, அப்பாவுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று, அதே கடையில் கிடந்த பழைய வயர் வீல் நாலையும் அதற்கான ஹப்புகளையும் சேர்த்து அனுப்பிவிட்டான். பிரேக் கேட்டவருக்கு வளையல், கொலுசோடு வந்து இறங்கியது!

வயர் வீல் என்றால் சைக்கிள் மாதிரி போக்ஸ் கம்பி வைத்த கார் சக்கரம். ஒவ்வொன்றிலும் 60 கம்பி. நடுவில் நாலு நட்டு கிடையாது, இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு ஸ்பின்னர் என்று பேர். அந்தக் காதில் ஈயச் சுத்தியலோ செம்புச் சுத்தியலோ வைத்துத் தட்டினால் முறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலும். பழைய ரேஸ் படங்களில் ஒரு ஆள் ஓடி வந்து டங் டங் என்று தட்டி சக்கரத்தை உருவுவாரே, அதுதான். (இந்தக் காதுகள் ரோட்டில் நடப்பவரைக் கிழிக்கும் என்று 1968-ல் அமெரிக்கா தடை போட்டது. அப்புறம் காதில்லாத எட்டுப்பட்டை நட்டு வந்தது.)

இந்த முறையைப் பரப்பிய ரட்ஜ்-விட்வர்த் கம்பெனி கவென்ட்ரி ஊரில் சைக்கிள் செய்த கம்பெனி. ஹெரால்டு பிறந்ததும் அதே கவென்ட்ரி. நம்மூரும் ஒதுங்கி நிற்கவில்லை. சென்னை பாடியில் இருக்கிற வீல்ஸ் இந்தியா, பழைய இங்கிலீஷ் கார்களுக்கான வயர் வீல்களைச் செய்து ஏற்றுமதி பண்ணிய கம்பெனி. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப லண்டன்லேர்ந்து வந்தது பாடியிலேர்ந்து போனதா இருக்கும்டா" என்றார். இருந்தாலும் இருக்கும்.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே வீட்டில் பட்டிமன்றம். பழைய வண்டியைப் பழசாகவே வைக்கவேண்டாமா? 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. வி.ஏ. என்று தனி எழுத்தோடு நம்பர் கிடைக்கும். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றைப் பெரிசாக மாற்றியிருக்கக்கூடாது என்கிறது அந்த விதி. பிரேக்கைப் பற்றி அதில் பேச்சில்லை என்று நான் வாதாடினேன். "சட்டத்துல ஓட்டை தேடாதே, எனக்கு வண்டி நிக்கணும்" என்று பெரியப்பா முடித்துவிட்டார். என் கட்சியும் அதுதான். மழையில் நிற்காத ஒரிஜினல் வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது, கூடத்தில்தான் வைக்கவேண்டும்.

வேலை நடந்தது அரியமங்கலத்தில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில். அங்கே உள்ள மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். லாரி லாரியாகப் பார்த்துப் பழகிய கை. ஹெரால்டைப் பார்த்ததும், "இது என்ன சார், பொம்மை மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அன்றிலிருந்து லாரி வேலை எல்லாம் காத்துக் கிடந்தது.

டிஸ்க் மாட்டுவது இரண்டு நாளில் முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். டிரம் பிரேக்கில் சக்கரம் சுற்றுகிற வேகமே ஷூவைப் பிடித்து இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கால் வேலை குறைவு. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பூஸ்டர் இல்லாத வண்டியில் அழுத்தித்தான் மிதிக்கவேண்டும். பெரியப்பா முதல் தடவை மிதித்துவிட்டு "கல்லு மாதிரி இருக்கு" என்று புகார் சொன்னார். ஆனால் தண்ணீர் ஊற்றிவிட்டு மிதித்தாலும் நின்றது. அதற்கப்புறம் புகார் இல்லை.

வயர் வீலில்தான் கதையே. டிஸ்க்கும் வயர் வீலும் சேருமா என்று நிறையப் பேருக்கு சந்தேகம் இருக்கிறது. சேரும், நன்றாகவே சேரும். 1953-ல் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஜாகுவார் சி-டைப் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தபோது, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், நாலும் வயர் வீல். கம்பிகளுக்கு நடுவே காற்று புகுந்து பிரேக்கைக் குளிரவைக்கும். ஆனால் அடுத்த வருஷம் வந்த டி-டைப்பில் ஜாகுவாரே வயர் வீலைத் தூக்கிப் போட்டுவிட்டு அலாய் சக்கரத்துக்கு மாறியது. காரணத்தை யோசித்தால் புரியும். சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது, அதனால் கம்பிக்கு பிரேக்கின் முறுக்கு தெரியாது. காரில் பிரேக் பிடிப்பது நடு ஹப்பை. ரோடு பிடித்து இழுப்பது டயரை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற கம்பிகள்தான் அந்த முழு முறுக்கையும் தாங்கவேண்டும். அதனால்தான் கம்பிகளை நேராக வைக்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னுகிறார்கள். நாலு கம்பி தளர்ந்தால் அந்தச் சுமை பக்கத்துக் கம்பிக்குப் போகும், அப்புறம் ஒவ்வொன்றாக அறுபடும்.

கோட்டம் எடுக்க மேஸ்திரி வரச்சொன்னது ஒரு சைக்கிள் கடைப் பெரியவரை. அவர் கார் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டி சத்தம் கேட்டார். "இது செத்துக் கிடக்கு, இது உயிரோட இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம். நான் டயல் கேஜ் வைத்து செக் பண்ணினேன். அவர் காது சொன்னதுக்கும் கேஜ் சொன்னதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிப்பிள் ஓட்டைகள் வழியாகக் காற்று போகும் என்பதால் டியூப்லெஸ் ஆகாது. டியூப் போட்டு, கம்பி முனை குத்தாமல் இருக்க உள்ளே ரப்பர் பட்டை சுற்றினோம்.

அடுத்து, சக்கரத்துக்கும் கேலிப்பருக்கும் இடைவெளி போதுமா என்று பார்க்கவேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம். நான் பெரியம்மாவிடம் ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வாங்கிவந்து கேலிப்பர் மேல் அப்பி, சக்கரத்தை மாட்டி மெதுவாகச் சுற்றினேன். கழற்றிப் பார்த்தால், மாவு நசுங்கிய இடத்தில் மிச்சமிருந்த கனம் 4 மில்லிமீட்டர். போதும். ஆனால் ஒரு இடத்தில் மாவு வழித்தெடுத்த மாதிரி காணாமல் போயிருந்தது. ரிம்மின் உள்பக்கம் யாரோ எப்போதோ ஒட்டின பேலன்ஸ் எடை! அதைப் பெயர்த்து வெளி ஓரத்துக்கு மாற்றினோம். மேஸ்திரி என்னைப் பார்த்து "பரவாயில்லையே தம்பி, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தராங்களா" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தத் திமிரில்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

ஹெரால்டின் பழைய நாலு ஸ்டட் மேல் வரி வரியாகப் பல் வெட்டின ஒரு ஹப்பை முதலில் மாட்டவேண்டும். அதன் மேல் சக்கரம் நுழையும். ஸ்டட் நட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் சக்கரத்தின் முதுகில் இடிக்கும், சரியாக உட்காராது. மேஸ்திரி பழைய ஸ்டட்டை வெட்ட மனசில்லாமல் கழற்றி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டு, செட்டோடு வந்த குட்டை ஸ்டட்டை அடித்தார். ஹப் நாலு. இரண்டில் வலது மரை, இரண்டில் இடது மரை. ஸ்பின்னரில் வழக்கமாக எந்தப் பக்கத்துக்கு என்றும், எப்படிக் கழற்றவேண்டும் என்றும் எழுதியிருக்கும். எங்களுக்கு வந்ததில் யாரோ பாலிஷ் போட்டுப் போட்டு எழுத்தே போய்விட்டது. ஹப்பில் மட்டும் பேனாவால் எழுதி ஒட்டின ஸ்டிக்கர். இரண்டில் எல்.எச்., இரண்டில் ஆர்.எச்.

"எல்.எச்.னா லெஃப்ட் ஹேண்ட், இடது பக்கம்" என்றேன் நான். மேஸ்திரி மரையைத் திருப்பிப் பார்த்தார். எல்.எச். ஹப்பில் இடது மரை. "கரெக்ட்தான் தம்பி. பழைய லாரில இடது பக்க வீல் நட்டு இடது மரைதான் வரும்" என்றார். சைக்கிள் பெரியவரும் ஆமோதித்தார்: "சைக்கிள் பெடலும் அப்படித்தானே, இடது பெடல் இடது மரை." மூன்று தலைமுறை அனுபவமும் ஒரே பதிலைச் சொல்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்? மாட்டினோம். கிரீஸ் தடவி, சக்கரத்தை ஏற்றி, மரச்சுத்தியால் தட்டி முறுக்கினோம். பழக்கதோஷத்தில் மேஸ்திரி ஸ்பின்னரிலிருந்து சக்கரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், நாலிலும். அந்தக் கோடுதான் எங்களைக் காப்பாற்றியது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திருவெறும்பூர் வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். பெரியப்பா ஓட்ட, நான் பக்கத்தில், மேஸ்திரி பின்னால். வயர் வீல் மின்ன மின்ன ஹெரால்டு போவதைப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிரேக்கைப் பார்ப்பதற்காக பெரியப்பா அடிக்கடி அழுத்தி மிதித்து நிறுத்தினார். பிரமாதமாக நின்றது. காட்டூர் தாண்டும்போது, மிதித்தால் முன்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். விட்டால் ஒரு 'டக்'. பல் தேய்ந்த ஹப்பில் அப்படி சத்தம் வரும் என்று படித்திருந்தேன், சொன்னேன். பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங் லேசாக நடுங்குவதை அவர் கை சொல்லியிருக்கிறது. ரயில்வேயில் முப்பது வருஷம் சக்கரச் சத்தம் கேட்ட மனுஷன். ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினார்.

இறங்கிப் பார்த்தோம். முன் இடது சக்கரத்தின் சாக்பீஸ் கோடு இரண்டாக உடைந்திருந்தது. ஸ்பின்னரில் இருந்த பாதி ஒரு பக்கம், சக்கரத்தில் இருந்த பாதி இன்னொரு பக்கம். மேஸ்திரி விரலால் தள்ளினார். கையாலேயே திரும்பியது. ஓடிப்போய் மற்ற மூன்றையும் பார்த்தால், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கழன்றிருந்தன. எல்லா ஸ்பின்னரும் சக்கரத்தைவிடப் பின்பக்கமாக நகர்ந்திருந்தன, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

அந்த 'ஒரே மாதிரி'தான் எனக்கு உறைத்தது. ஒன்று மட்டும் கழன்றால் சரியாக முறுக்கவில்லை என்று அர்த்தம். நாலும் ஒரே திசையில் நகர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். பெரியம்மா கை வளையல் ஞாபகம் வந்தது.

லூசான வளையல் மணிக்கட்டைச் சுற்றி உருளும்போது, அது மணிக்கட்டைவிடப் பெரிசு என்பதால், ஒரு சுற்று முடிந்ததும் ஆரம்பித்த இடத்தில் இருக்காது. தொடுகிற இடம் எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வயர் வீல் ஸ்பின்னர் இப்படித்தான். அதன் உள்பக்கம் கூம்பாகக் குடைந்திருக்கும், அது சக்கரத்தின் நடுக்கூம்பை வெளியிலிருந்து கவ்வுகிறது. அதாவது ஸ்பின்னர் வளையல், சக்கரம் மணிக்கட்டு. வண்டியின் பாரம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அழுத்துகிறது, சக்கரமோ முன்னால் சுற்றுகிறது. எனவே சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்தால் தொடுகிற இடம் பின்பக்கமாக ஓடும். வளையலும் பின்பக்கமாக நகரும். இடது பக்கம் நின்று பார்த்தால் அது கடிகாரம் சுற்றுகிற திசை. அந்தத் திசையில் முறுகவேண்டுமானால் இடது பக்கத்துக்கு வலது மரை வேண்டும்!

லாரியில் ஏன் நேர்மாறு? அங்கே நட்டின் கூம்பு முனை சக்கரத்தின் ஓட்டைக்கு உள்ளே போய் உட்காருகிறது. பெடலிலும் ஆணி கிராங்குக்கு உள்ளே. பெரிய வட்டத்துக்குள் உருளுகிற சின்ன வட்டம் எதிர்த்திசையில் நகரும். அதனால் அங்கே இடது பக்கத்துக்கு இடது மரை. மேஸ்திரி சொன்னதும் சரி, சைக்கிள் பெரியவர் சொன்னதும் சரி. இந்த நட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. ஸ்டிக்கரும் பொய் சொல்லவில்லை. எல்.எச். என்று எழுதியவர் சொன்னது மரையை, நான் படித்தது பக்கத்தை.

இதை நான் தரையில் குச்சியால் வரைந்து சொல்லச் சொல்ல மேஸ்திரி பேசாமல் கேட்டார். தன் சாவி வளையத்தை விரலில் மாட்டி நாலு தடவை சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்துவரச் சொன்னார். பையன் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து சேர்ந்தான். முறுக்கிவிட்டு மெதுவாகத் திரும்பிப் போய்விடலாமே என்று நான் கேட்டதற்கு பெரியப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேண்டாம்." அங்கேயே, அந்த மரத்தடியிலேயே, நாலு ஹப்பையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினோம். இருட்டிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் மேஸ்திரி திரும்ப சாக்பீஸ் கோடு போட்டார். நான் மனசுக்குள் அந்த சைக்கிள் பிள்ளைகளையும், நிற்காத வண்டியை நிற்க வைக்கப்போய் சக்கரமே ஓடிப்போயிருக்கக்கூடிய ரோட்டையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் பெரியம்மா "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "உங்க பிள்ளைக்கு மரை கழண்டிருந்துச்சு, மாட்டிட்டு வந்தோம்" என்றார் பெரியப்பா. அன்றைக்கு அவர் எனக்குக் கொடுத்த திட்டு அவ்வளவுதான்.

திருவெறும்பூருக்கு மறுநாள் காலையில் போய் எறும்பீஸ்வரர் மலையடிவாரத்தில் இறங்கிப் பார்த்தோம். கோடு நேராக இருந்தது. 50 கிலோமீட்டர் ஓடினதும் மேஸ்திரி இன்னொரு தடவை நாலையும் தட்டிப் பார்த்தார். இப்போது ஒவ்வொரு ஹப்பின் உள்பக்கமும் அவர் கையால் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எல்.எச்., ஆர்.எச். கிடையாது. இரண்டில் 'டிரைவர் பக்கம்', இரண்டில் 'கிளீனர் பக்கம்'. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பழைய ஸ்டட்டுகளோடு அந்த ஸ்டிக்கர்களையும் போட்டு மூடி, டிக்கியில் வைத்திருக்கிறார் பெரியப்பா. பக்கத்திலேயே ஒரு பெட்டி சாக்பீஸ்.